அமெரிக்காவின் ‘ஆபத்துத் தீர்மானம்’ ரத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2026 பிப்ரவரி 12 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பசுமைக்குடில் வாயுக்கள் மக்களுக்கு ஆபத்தானவை என்று 2009-ல் தான் எடுத்த தீர்மானத்தைத் தானே ரத்து செய்தது. வாகனங்களுக்கான பசுமைக்குடில் வாயு வரம்புகள் அனைத்தும் அதோடு நீங்கின. செய்திகளில் இது புவி வெப்பமாதல் உண்மையா பொய்யா என்ற பழைய சண்டையாகவே வந்தது. ஆணையைப் படித்தால் சண்டை வேறு இடத்தில் நடப்பது தெரியும். ஒரு சட்டப் பிரிவிலுள்ள சில சொற்களுக்கு என்ன பொருள் என்பதே அதன் மையம். அந்த இடத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள உதவுவதற்கே இந்தக் கேள்வி பதில்கள். தகவல்கள் 2026 பிப்ரவரி இறுதி நிலவரப்படி.

ஆபத்துத் தீர்மானம் என்றால் என்ன?

1970-ன் தூய காற்றுச் சட்டத்தில் 202(ஏ) என்றொரு பிரிவு உண்டு. பொதுச் சுகாதாரத்துக்கோ நலவாழ்வுக்கோ ஆபத்து விளைவிக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கத்தக்க காற்று மாசுக்கு ஒரு பொருள் காரணமாகவோ துணையாகவோ இருப்பதாக முகமையின் தலைவர் கருதினால், புது வாகனங்களிலிருந்து வரும் அந்தப் பொருளுக்கு வரம்பு விதிக்க வேண்டும் என்கிறது அது. ‘விதிக்கலாம்’ அல்ல, ‘வேண்டும்’. ஆக, ஆபத்து உண்டா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் எழுதிவிட்டால் வரம்பு கட்டாயமாகிவிடும். அந்த ‘ஆம்’தான் ஆபத்துத் தீர்மானம்.

2009 டிசம்பர் 7-ல் அன்றைய தலைவர் லிசா ஜாக்சன் கையெழுத்திட்ட தீர்மானத்தில் இரண்டு பகுதிகள் இருந்தன. கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, ஹைட்ரோஃப்ளூரோ கார்பன்கள், பெர்ஃப்ளூரோ கார்பன்கள், சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு ஆகிய ஆறும் வளிமண்டலத்தில் சேர்ந்து இன்றைய, நாளைய தலைமுறைகளுக்கு ஆபத்தாகின்றன என்பது முதல் பகுதி. புது வாகனங்களின் புகை அதற்குப் பங்களிக்கிறது என்பது இரண்டாவது. வரைவின் மீது 3,80,000-க்கும் மேற்பட்ட கருத்து மனுக்கள் வந்திருந்தன.

முகமை தானாக முன்வந்து எடுத்த முடிவா அது?

இல்லை. 1999-ல் சில அமைப்புகள் வாகனக் கரியமில வாயுவைக் கட்டுப்படுத்தக் கோரி மனு கொடுத்தன. 2003-ல், ஜார்ஜ் புஷ் ஆட்சியில், தனக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லி முகமை அதைத் தள்ளுபடி செய்தது. மாசசூசெட்ஸ் மாநிலமும் பிறரும் வழக்காடினார்கள். 2007 ஏப்ரல் 2-ல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்பு, சட்டத்தில் ‘காற்று மாசுப்பொருள்’ என்பதற்கு இருக்கும் வரையறை மிக விரிவானது, பசுமைக்குடில் வாயுக்கள் அதற்குள் அடங்கும் என்றது.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. ஆபத்து இருக்கிறது என்று நீதிமன்றம் அன்று சொல்லவில்லை. ஆபத்து உண்டு, இல்லை, அல்லது முடிவு சொல்ல முடியாத அளவு அறிவியல் தெளிவின்றி இருக்கிறது என்ற மூன்றில் ஒன்றை, சட்டத்தின் சொற்களை வைத்துச் சொல் என்றுதான் முகமைக்குக் கட்டளையிட்டது. அறிவியல் சான்றுகளை அடுக்கிப் பார்த்தபின் முகமை 2009-ல் ‘உண்டு’ என்றது. 2012-ல், உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த நிலையிலுள்ள டி.சி. வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஒருமனதாக உறுதி செய்தது.

தீர்மானம் நேரடியாக யாரையாவது கட்டுப்படுத்தியதா?

இல்லை. அது அஸ்திவாரம் மட்டுமே. அதன்மேல் 2010-ல் முதல் வாகன வரம்பு எழுந்தது, 2012 முதல் 2016 வரையிலான மாடல்களுக்கு. பிறகு ஆட்சிக்கு ஆட்சி இடிப்பதும் கட்டுவதுமாகப் போனது. 2020-ல் டிரம்ப் ஆட்சி ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 சதவீத முன்னேற்றம் போதும் என்று தளர்த்தியது. 2021-ல் பைடன் ஆட்சி இறுக்கியது, 2024-ல் மேலும் இறுக்கியது. அத்தனை இழுபறியிலும் அஸ்திவாரத்தை யாரும் தொடவில்லை. இப்போது தொட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 12 ஆணையில் எது நீங்கியது, எது நீங்கவில்லை?

நீங்கியவை: 2009 தீர்மானம், கார், சரக்குந்து உள்ளிட்ட சாலை வாகனங்களுக்கான எல்லா பசுமைக்குடில் வாயு வரம்புகள், அவற்றை அளந்து முகமைக்கு அறிக்கை தரும் கடமை, சிக்னலில் நின்றதும் எஞ்சினைத் தானே அணைக்கும் வசதி போன்றவற்றுக்குக் கிடைத்துவந்த சலுகைப் புள்ளிகள்.

நீங்காதவை: நைட்ரஜன் ஆக்சைடுகள், நுண்துகள், கார்பன் மோனாக்சைடு போன்ற வழக்கமான மாசுகளுக்கான வாகன வரம்புகள். காரின் புகையைச் சுத்திகரிக்கும் கிரியாவூக்கி மாற்றியைக் கழற்றிவிடலாம் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்; அது அன்றும் சட்டவிரோதம், இன்றும் சட்டவிரோதம். மைலேஜ் விதியும் தனி. அது 1975-ன் எரிசக்திச் சட்டத்தின்கீழ் போக்குவரத்துத் துறையின் கையில் இருக்கிறது. ஆனால் அதற்கும் வேறு வழியில் பல் பிடுங்கப்பட்டுவிட்டது. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான வரவுசெலவுச் சட்டம், மைலேஜ் இலக்கைத் தவறவிடும் கார் நிறுவனங்களுக்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. 2025 டிசம்பரில், 2031 மாடலுக்கான இலக்கை கேலனுக்கு 50.4 மைலிலிருந்து 34.5 ஆகக் குறைக்கும் வரைவும் வந்தது.

நான் அமெரிக்காவில் கார் ஓட்டுகிறேன். எனக்கு இப்போது என்ன செய்ய வேண்டியிருக்கும்?

ஒன்றும் இல்லை. இந்த வரம்புகள் உற்பத்தியாளருக்கானவை; சாலையில் ஓடும் காருக்கு அல்ல. மாநிலங்கள் நடத்தும் புகைப் பரிசோதனை வழக்கமான மாசுகளைத்தான் பார்க்கிறது, அது தொடரும். வித்தியாசம் தெரியப்போவது அடுத்த சில ஆண்டுகளில் ஷோரூமில் எந்த மாடல்கள் நிற்கின்றன என்பதில். மின்கார் வாங்கினால் கிடைத்த 7,500 டாலர் வரிச் சலுகை இந்த ஆணைக்கு முன்பே, 2025 செப்டம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது.

‘மைலுக்கு 85 கிராம்’ என்கிறார்களே, அது எவ்வளவு கடுமையானது?

2024 மார்ச்சில் பைடன் ஆட்சி வகுத்த இலக்கு அது. 2032 மாடல் ஆண்டில் விற்கும் இலகு ரக வாகனங்களின் தொழில்துறைச் சராசரி மைலுக்கு 85 கிராம் கரியமில வாயு, அதாவது கிலோமீட்டருக்கு 53 கிராம்.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு அமெரிக்க கேலன் பெட்ரோல் எரிந்தால் 8,887 கிராம் கரியமில வாயு வரும் என்பது முகமையின் நிலையான கணக்கு. லிட்டருக்கு ஏறத்தாழ 2.35 கிலோ. கேலனுக்கு 30 மைல் ஓடும் கார் என்றால் 8,887 ÷ 30 = மைலுக்கு 296 கிராம். 50 மைல் ஓடும் ஹைப்ரிட் என்றால் 178. எந்த பெட்ரோல் எஞ்சினும் தனியாக 85-ஐத் தொட முடியாது. அதற்கு கேலனுக்கு ஏறத்தாழ 105 மைல் ஓட வேண்டும்.

ஆனால் இது ஒவ்வொரு காருக்குமான வரம்பு அல்ல, விற்பனையின் சராசரி. மின்காருக்குப் புகைக்குழாய் இல்லாததால் அது பூஜ்யம். 100 கார்களில் 65 மின்கார், 20 ஹைப்ரிட், 15 சாதாரண பெட்ரோல் கார் என்று வைத்தால்: (20 × 178) + (15 × 296) = 8,000. நூறால் வகுத்தால் 80. இலக்கு எட்டப்பட்டது. மின்காரை 60 ஆக்கி பெட்ரோல் காரை 20 ஆக்கினால் சராசரி 95-க்குத் தாவிவிடும். உண்மைக் கணக்கில் வாகனத்தின் பரப்பளவு, சலுகைப் புள்ளிகள், சோதனைக்கூடத்துக்கும் சாலைக்கும் உள்ள வேறுபாடு எல்லாம் சேரும் என்பதால் எண்கள் கொஞ்சம் இடம்பெயரும். கணக்கின் எலும்புக்கூடு இதுதான்.

இதைப் பார்த்தால் இரு தரப்பும் சொல்வது விளங்கும். ‘மின்காரைக் கட்டாயமாக்குகிறார்கள்’ என்ற எதிர்ப்பாளர்களின் குற்றச்சாட்டு சட்டச் சொற்களின்படி தவறு, நடைமுறையில் பாதி உண்மை. இந்த இலக்கை மின்கார் இன்றி எட்ட வழியில்லை. எத்தனை மின்கார், எத்தனை ஹைப்ரிட் என்பதை மட்டும் நிறுவனத்திடம் விட்டிருந்தார்கள்.

ரத்துக்கு முகமை சொல்லும் காரணம் என்ன?

முதன்மைக் காரணம் சட்ட விளக்கம். 202(ஏ) பிரிவில் ‘காற்று மாசு’ என்றால் அருகிலிருப்பவர்களை நேரடியாகத் தாக்கும் உள்ளூர், வட்டார மாசுதான். உலகம் முழுதும் கலந்து, வெப்பநிலை வழியாகச் சுற்றிவந்து பாதிக்கும் வாயுக்கள் அதில் சேராது என்கிறார் தலைவர் லீ செல்டின். இரண்டாவது, இவ்வளவு பெரிய பொருளாதார விளைவுள்ள முடிவை காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தெளிவாகச் சொல்லாமல் முகமை எடுக்க முடியாது என்பது. மூன்றாவது, அமெரிக்க வாகனப் புகை முழுவதையும் நிறுத்தினாலும் உலக வெப்பநிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் வராது என்பது.

2007 தீர்ப்பு இருக்கும்போது இப்படிச் சொல்ல முடியுமா?

வழக்கின் உயிர்நாடி இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

2007 தீர்ப்பு ‘மாசுப்பொருள்’ என்ற சொல்லை விளக்கியது. முகமை இப்போது பிடித்துக்கொள்வது ‘மாசு’ என்ற சொல்லை. கரியமில வாயு மாசுப்பொருள்தான், ஆனால் அதனால் உண்டாவது இந்தப் பிரிவு சொல்லும் ‘மாசு’ அல்ல என்பது வாதம். மயிரிழைப் பிளப்பு என்று தோன்றலாம். சட்ட விளக்கத்தில் இத்தகைய பிளப்புகள் வெல்வது புதிதல்ல என்பதால் இதை அலட்சியப்படுத்த முடியாது.

முகமைக்குத் துணையாக இரண்டு புதிய தீர்ப்புகள் இருக்கின்றன. 2022 ஜூன் 30-ல் மேற்கு வர்ஜீனியா வழக்கில் உச்ச நீதிமன்றம், பெரும் கேள்விகளில் முகமைகளுக்கு காங்கிரஸின் தெளிவான அனுமதி வேண்டும் என்று 6–3 கணக்கில் சொன்னது. 2024 ஜூன் 28-ல் லோப்பர் பிரைட் வழக்கில், சட்டம் மங்கலாக இருந்தால் முகமையின் விளக்கத்துக்கு நீதிமன்றம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற 1984-ன் ‘செவ்ரான்’ கோட்பாட்டைத் தூக்கியெறிந்தது.

எதிர்த் தரப்பின் பதிலிலும் வலு உண்டு. 2007 தீர்ப்பு செவ்ரான் கோட்பாட்டின்மேல் நிற்கவில்லை. சட்டச் சொற்களை நீதிமன்றமே நேரடியாகப் படித்து, ‘ஐயத்துக்கு இடமில்லை’ என்றது. தவிர, ‘நலவாழ்வு’ என்பதற்குச் சட்டம் தரும் வரையறையிலேயே வானிலையும் காலநிலையும் எழுத்தில் இருக்கின்றன. உள்ளூர்ப் புகையை மட்டும் மனத்தில் வைத்து எழுதியிருந்தால் ‘காலநிலை’ என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை? அடுத்து, 2022-ன் பணவீக்கக் குறைப்புச் சட்டம் தூய காற்றுச் சட்டத்துக்குள்ளேயே புதிய பிரிவுகளைச் சேர்த்தபோது, இதே ஆறு வாயுக்களைப் பசுமைக்குடில் வாயுக்கள் என்று பெயர் சொல்லி வரையறுத்தது.

எங்கள் கணிப்பில் சொற்களை நேர்மையாகப் படித்தால் எதிர்த் தரப்பின் கையே ஓங்குகிறது. ஆனால் 2007-ல் பெரும்பான்மையில் இருந்த ஐந்து நீதிபதிகளில் ஒருவர்கூட இன்று உச்ச நீதிமன்றத்தில் இல்லை. எதிர்த்து நின்ற நால்வரில் ராபர்ட்ஸ், தாமஸ், அலிட்டோ மூவரும் இருக்கிறார்கள்.

அறிவியலை முகமை மறுக்கவில்லையா?

2025 ஜூலை 29-ல் வந்த வரைவில் மறுத்தது. அதே நாளில் எரிசக்தித் துறை, ஜான் கிறிஸ்டி, ஜூடித் கரி, ஸ்டீவன் கூனின், ராஸ் மெக்கிட்ரிக், ராய் ஸ்பென்சர் ஆகிய ஐவர் எழுதிய அறிக்கையை வெளியிட்டது. கரியமில வாயுவின் பாதிப்பு மிகைப்படுத்தப்படுகிறது என்பது அதன் சாரம். வரைவு அதைத் தூணாகப் பிடித்துக்கொண்டது.

தூண் தாங்கவில்லை. 85-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் 400 பக்கங்களுக்கு மேல் வரிவரியாக மறுப்பு எழுதினார்கள். செப்டம்பர் 17-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் தனி அறிக்கை வெளியிட்டன: 2009 தீர்மானம் சரியானது, காலத்தின் சோதனையில் நின்றது, இப்போதைய சான்றுகள் அதைவிடப் பலமானவை. அந்த ஐவர் குழுவை எரிசக்தித் துறை அதே மாதம் கலைத்தது. இறுதி ஆணையில் முகமை அறிவியல் வாதத்தைக் கைவிட்டு, சட்ட விளக்கத்தையே முதன்மையாக ஏந்திக்கொண்டது.

இந்தப் பின்வாங்கலைச் செய்திகள் போதிய அளவு கவனிக்கவில்லை. ஆபத்து இல்லை என்று நிரூபித்துவிட்டு அவர்கள் வரம்பை நீக்கவில்லை. ஆபத்து இருந்தாலும் இந்தச் சட்டத்தின்கீழ் அது என் வேலை அல்ல என்று சொல்லி நீக்கியிருக்கிறார்கள். தீர்மானம் எழுதிய 2009-ல் மௌனா லோவா ஆய்வகம் அளந்த ஆண்டுச் சராசரி கரியமில வாயு ஏறத்தாழ 387 பிபிஎம் (பத்து லட்சத்தில் 387 பங்கு). 2024-ல் 424-ஐத் தாண்டியது. அந்த 2024, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் வெப்பமடைந்த முதல் நாட்காட்டி ஆண்டு.

அமெரிக்க வாகனங்கள் மட்டும் நிறுத்தினால் என்ன ஆகிவிடும் என்பது நியாயமான கேள்விதானே?

கேள்வி நியாயமானது. அதை விதியாக்கினால்தான் சிக்கல். உலக உமிழ்வை எந்தத் துண்டாக வெட்டினாலும் ஒவ்வொரு துண்டும் சிறியதாகவே தெரியும். அமெரிக்க வாகனங்கள் சில சதவீதம், அமெரிக்க மின் நிலையங்கள் ஏறத்தாழ 3 சதவீதம் என்று தனித்தனியே கழித்துக்கொண்டே போனால், கடைசியில் கட்டுப்படுத்தத் தகுந்தவர் என்று உலகில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். இதே வாதத்தை 2007-லும் முகமை வைத்தது. பெரிய சிக்கல்களை ஒரே வெட்டில் எவரும் தீர்ப்பதில்லை, படிப்படியாகவே குறைக்கிறார்கள் என்று சொல்லி நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. இதுவரை சேர்ந்துள்ள புதைபடிவக் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்காவினுடையது, வேறு எந்த நாட்டையும்விட அதிகம். அந்த நாட்டில் இன்று தனித்த துறைகளில் முதலிடம் போக்குவரத்துக்குத்தான்.

ரத்தால் 1.3 டிரில்லியன் டாலர் மிச்சம் என்று முகமை சொல்லும் கணக்கு சரியா?

எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று பார்க்க வேண்டும். வாகனம் ஒன்றுக்குச் சராசரியாக 2,400 டாலருக்கு மேல் விலை குறையும் என்பதும் அந்த 1.3 டிரில்லியனும், உற்பத்திச் செலவு, மின்னேற்றிச் செலவு போன்ற செலவுப் பக்கத்தின் கூட்டல். 2024-ல் இதே முகமை இதே வரம்புகளுக்குப் போட்ட கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 பில்லியன் டாலர் நிகர ஆதாயம் வந்தது. அதில் எரிபொருள், பராமரிப்பு மிச்சம் மட்டும் 62 பில்லியன். மக்களின் சுகாதார ஆதாயம் 13 பில்லியன். காரின் ஆயுள் முழுதும் உரிமையாளருக்குச் சராசரியாக 6,000 டாலர் மிச்சம் என்றார்கள் அன்று.

வீட்டுக் கணக்காகப் போடுங்கள். ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டுபவர், கேலனுக்கு 25 மைல் தரும் காரில் 480 கேலன் நிரப்புவார். 35 மைல் தரும் காரில் 343. வித்தியாசம் 137 கேலன். கேலன் 3 டாலர் என்றால் ஆண்டுக்கு 411 டாலர். வாங்கும்போது மிச்சமான 2,400 ஆறே ஆண்டுகளில் பெட்ரோல் பங்கில் கரைந்துவிடும். அமெரிக்காவில் ஒரு கார் அதைவிட நெடுங்காலம் ஓடுகிறது. பெட்ரோல் விலையை எவ்வளவு என்று வைக்கிறார்கள், எத்தனை ஆண்டு மிச்சத்தை எண்ணுகிறார்கள் என்ற இரண்டு எண்களை மாற்றினாலே விடை தலைகீழாகும். இத்தகைய அறிக்கையைத் திறந்தால் முதலில் அந்த இரண்டையும் தேடுங்கள்.

ஒரு விதியை ரத்து செய்ய என்னென்ன படிகள்?

விதியை உண்டாக்க என்ன படிகளோ அதே படிகள்தான். குறுக்கு வழி கிடையாது. இந்த ஆணை வந்த வழியைப் பார்த்தாலே தெரியும். 2025 ஜனவரி 20-ல், பதவியேற்ற நாளன்று, அதிபர் டிரம்ப் ஒரு நிர்வாக ஆணையில் தீர்மானம் தொடரத் தகுந்ததா என்று 30 நாளுக்குள் பரிந்துரைக்கும்படி முகமையைக் கேட்டார். மார்ச் 12-ல் 31 விதித் தளர்வுகளை செல்டின் அறிவித்தார், இதுவும் அதில் ஒன்று. ஜூலை 29-ல் வரைவு, ஆகஸ்ட் 1-ல் அரசிதழ் வெளியீடு, ஆகஸ்டில் இணையவழிப் பொது விசாரணை, செப்டம்பர் 22 வரை கருத்து மனுக்கள். பிறகு வெள்ளை மாளிகையின் நிதிநிலை அலுவலகத்தின் பரிசீலனை, பிப்ரவரி 12-ல் இறுதி ஆணை, 18-ல் அரசிதழ். பெரிய விதி என்பதால் வெளியாகி 60 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும்.

இத்தகைய ரத்துகள் நீதிமன்றத்தில் ஏன் அடிக்கடி விழுகின்றன?

மூன்று இடங்களில் கால் இடறும்.

காரணத்தை மாற்றுவது முதலாவது. வரைவில் சொன்னதிலிருந்து இறுதி ஆணை இயல்பாக வளர்ந்திருக்க வேண்டும். வரைவில் இல்லாத புதுக் காரணத்தை இறுதியில் சேர்த்தால், கருத்துச் சொல்ல மக்களுக்கு வாய்ப்பில்லை என்று அடிபடும். இம்முறை சட்ட வாதம் வரைவிலேயே இருந்ததால் இந்த இடறல் சிறியது.

இரண்டாவது, முந்தைய முடிவுக்கு அடிப்படையான உண்மைகளை முகங்கொடுத்து மறுக்காமல் தாண்டிப்போவது. கொள்கையை மாற்ற ஆட்சிக்கு உரிமை உண்டு; ஆனால் ஏன் மாற்றுகிறோம் என்று காரணம் சொல்ல வேண்டும் என்பது 1983 முதலே நிலைத்த நெறி.

மூன்றாவது இந்த வழக்குக்கு நெருக்கமானது. ‘சட்டம் எனக்கு வேறு வழி விடவில்லை’ என்று முகமை சொல்லி, நீதிமன்றம் அந்த வாசிப்பை ஏற்காவிட்டால் ஆணை முழுதாக விழும். முகமை சொன்ன காரணத்தை வைத்துத்தான் நீதிமன்றம் எடைபோடும். சொல்லாத காரணத்தை அதற்காகத் தேடித் தராது. 2019-ல் டிரம்ப் ஆட்சி கொண்டுவந்த மின் நிலைய விதிக்கு நேர்ந்தது இதுதான். நிலையத்தின் வேலிக்குள் செய்யும் மாற்றங்களை மட்டுமே சட்டம் அனுமதிக்கிறது என்று அது சொன்னது. 2021 ஜனவரி 19-ல், ஆட்சி மாறுவதற்கு முந்தைய நாள், சட்டத்தைத் தவறாகப் படித்துவிட்டாய் என்று டி.சி. வட்ட நீதிமன்றம் விதியை ரத்து செய்தது.

வழக்கு எங்கே, எப்படிப் போகும்?

நாடு தழுவிய தூய காற்று விதிகள் மீதான வழக்கு நேராக டி.சி. வட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகும். அரசிதழில் வந்த 60 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்; தவறினால் கதவு அடைபடும். அமெரிக்கப் பொது சுகாதாரச் சங்கம், அமெரிக்க நுரையீரல் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் பிப்ரவரி 18 அன்றே தாக்கல் செய்துவிட்டன. தாக்கல் செய்ததாலேயே ஆணை நின்றுவிடாது. தடை வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மூன்று நீதிபதிகள் அமர்வு, வேண்டுமானால் முழு அமர்வு, பிறகு உச்ச நீதிமன்றம். ஆண்டுக் கணக்கில் ஆகும்.

அடுத்த அதிபர் தீர்மானத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாதா?

எந்தக் காரணத்தால் முகமை வெல்கிறது என்பதைப் பொறுத்தது. அறிவியல் வாதத்தால் வென்றிருந்தால் அடுத்த ஆட்சி புதுச் சான்றுகளோடு வந்து புதுத் தீர்மானம் எழுதலாம். ஆனால் இந்தச் சட்டப் பிரிவே பசுமைக்குடில் வாயுக்களைத் தொடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டால், எந்த அதிபர் வந்தாலும் இதே சட்டத்தை வைத்து எழுத முடியாது. காங்கிரஸ் புதுச் சட்டம் இயற்ற வேண்டும். அறிவியல் வாதத்தைக் கைவிட்டு சட்ட வாதத்தைப் பிடித்ததன் விளைவு இங்கேதான் தெரிகிறது. தோற்றால் முழுதாகத் தோற்பார்கள், வென்றால் பத்து இருபது ஆண்டுகளுக்கு எவராலும் திருப்ப முடியாதபடி வெல்வார்கள். எங்களை மிகவும் கவலைப்படுத்துவது இதுவே.

காங்கிரஸ் சட்டம் இயற்றினால் போயிற்றே?

2009 ஜூனில், பசுமைக்குடில் வாயுக்களுக்கு வரம்பு விதிக்கும் வேக்ஸ்மன்–மார்க்கி மசோதா கீழவையில் 219–212 என்று தப்பிப் பிழைத்தது. மேலவையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. அங்கே பெரும்பாலான மசோதாக்களுக்கு 60 வாக்குகள் தேவை.

மின் நிலையங்களுக்கும் எண்ணெய் வயல்களுக்கும் இதனால் விலக்கு கிடைத்துவிட்டதா?

நேரடியாக இல்லை. அவை 111 என்ற வேறு பிரிவின்கீழ் வருகின்றன. 2024-ல் வந்த விதி, 2039-க்குப் பிறகும் ஓட நினைக்கும் நிலக்கரி மின் நிலையங்கள் 2032-க்குள் 90 சதவீதக் கரியமில வாயுவைப் பிடித்து அடைக்க வேண்டும் என்றது. அதை நீக்கும் வரைவை முகமை 2025 ஜூன் 11-ல் தனியாக வெளியிட்டது. மின் நிலையங்களின் பங்கு ‘குறிப்பிடத்தக்க’ அளவில் இல்லை என்பது அங்கே வாதம். வாகன வழக்கில் சட்ட வாதம் வென்றால், அதே வாதம் இந்தப் பிரிவுகளுக்கும் நடந்து போகும்.

மாநிலங்கள் தாங்களே வரம்பு விதிக்கலாமா?

வழக்கமாக முடியாது, வாகன உமிழ்வில் மாநிலங்களைத் தூய காற்றுச் சட்டத்தின் 209-ஆம் பிரிவு தடுக்கிறது. கலிஃபோர்னியாவுக்கு மட்டும் விலக்குப் பெறும் வழி உண்டு, பிற மாநிலங்கள் அதைப் பின்பற்றலாம். அந்த விலக்குகள் மூன்றைக் காங்கிரஸ் தீர்மானங்கள் வழியாக 2025 ஜூன் 12-ல் டிரம்ப் ரத்து செய்தார். அதன் மீதும் வழக்கு நடக்கிறது. இப்போது புதுக் கேள்வி: இந்த வாயுக்கள் சட்டத்துக்கு வெளியே என்றால், மாநிலங்களைத் தடுக்கும் பிரிவும் இவற்றுக்குப் பொருந்தாதல்லவா? தடை தொடரும் என்கிறது முகமை. இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள முடியுமா என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டும்.

தொழில்துறை முழுக்க இதை வரவேற்கிறதா?

இல்லை, அதற்குக் காரணம் 2011-ல் வந்த ஒரு தீர்ப்பு. மின் நிறுவனங்கள் புவியைச் சூடாக்கிப் பொதுத் தொல்லை தருகின்றன என்று மாநிலங்கள் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 8–0 கணக்கில் தள்ளியது. இந்த வாயுக்களைக் கவனிக்கும் பொறுப்பைத் தூய காற்றுச் சட்டம் முகமையிடம் தந்துவிட்டது, எனவே கூட்டாட்சிப் பொதுச் சட்டத்தின்கீழ் (நீதிமன்றத் தீர்ப்புகள் வழி உருவான சட்டம்) வழக்குக்கு இடமில்லை என்றது. முகமைக்கு அந்தப் பொறுப்பே இல்லை என்றாகிவிட்டால் நிறுவனங்களின் கேடயம் ஓட்டையாகும். கார் நிறுவனங்களுக்கு வேறு தலைவலி: ஒரு புது எஞ்சினையோ காரின் அடித்தள அமைப்பையோ வடிவமைத்து விற்பனைக்குக் கொண்டுவர நான்கைந்து ஆண்டுகள் பிடிக்கும், விதியோ ஆட்சிக்கு ஆட்சி திரும்புகிறது.

அளவீடும் நிற்கப்போகிறதா?

2025 செப்டம்பர் 12-ல் வந்த இன்னொரு வரைவு, ஏறத்தாழ 8,000 ஆலைகளும் நிலையங்களும் தங்கள் உமிழ்வை ஆண்டுதோறும் அறிவிக்கும் திட்டத்தின் பெரும் பகுதியை முடித்துவைக்கச் சொல்கிறது. வரம்பை நீக்கினால் பிறகு வைத்துக்கொள்ளலாம். அளக்காமல் விட்ட ஆண்டின் எண்ணைப் பிறகு எந்தச் சட்டத்தாலும் மீட்க முடியாது. ஓசையின்றி நடப்பதால் இதைக் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வோம்.

இத்தகைய வரைவுகளுக்கு வெளிநாட்டவர் கருத்து மனு தரலாமா? எப்படி எழுதினால் பயன்?

தரலாம், குடியுரிமை கேட்கமாட்டார்கள். ரெகுலேஷன்ஸ் டாட் கவ் தளத்தில் கோப்பு எண்ணைத் தேட வேண்டும். ரத்து ஆணையின் கோப்பு ‘இபிஏ-எச்க்யூ-ஓஏஆர்-2025-0194’. கருத்துக் காலம் முடிந்துவிட்டாலும் வந்த மனுக்களை இன்றும் படிக்கலாம். ‘எதிர்க்கிறேன்’ என்ற ஒற்றை வரியை ஆயிரம் பேர் அனுப்பினாலும் முகமை அதற்கு ஒரே பத்தியில் பதில் சொல்லிவிடும். வரைவின் எந்தப் பக்கம், எந்த வாக்கியம், எந்த எண் தவறு, சரியான தரவு எது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். தரவுக் கோப்பையும் இணையுங்கள். கருத்துக் காலத்தில் போதிய தெளிவோடு எழுப்பப்படாத ஆட்சேபத்தைப் பின்னால் நீதிமன்றத்தில் எழுப்ப முடியாது என்று சட்டமே சொல்கிறது. பதிலே சொல்லாமல் விட்ட வலுவான மனு ஒன்று, வழக்கறிஞர் கையில் நல்ல ஆயுதம்.

இந்திய விதிகளை இது பாதிக்குமா?

சட்டப்படி இல்லை. இந்தியாவில் கார்களின் சராசரி எரிபொருள் வரம்பு, 2001-ன் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. 2022 முதல் உள்ள இரண்டாம் கட்ட அளவு கிலோமீட்டருக்கு 113 கிராம் கரியமில வாயுவுக்கு இணையானது. எரிபொருளை மிச்சம் பிடிப்பதே அந்தச் சட்டத்தின் நோக்கம் என்பதால், ஆபத்து உண்டா இல்லையா என்ற தீர்மானத்தின்மேல் அது நிற்கவில்லை. அந்தக் கல்லை உருவி இதைச் சாய்க்க முடியாது.